கொடுத்துவைத்தவருக்கு ஓர் இத்தாலியச் சொல்

சாவு வீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைவிடப் பெரிய அறிவாளி உலகத்தில் கிடையாது. இதை நான் ஒரு வேலையைத் தொலைத்துவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

பிழைக்க வந்த வெளிநாட்டில், பென்ரோஸ் என்ற பகுதியில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்த்தவர்களில் மார்கோ இத்தாலிக்காரன், இன்னொருத்தி பிரெஞ்சுக்காரி. சாப்பாட்டு மேசையில் அவரவர் நாட்டுக் கெட்ட வார்த்தைகளைப் பரிமாறிக்கொள்வோம் (என் பங்கு என்னவென்று கேட்காதீர்கள், மதுரைக்காரன், குறை வைக்கவில்லை). மார்கோ ஊரில் 'குலோ' என்பது மனிதன் உட்காரப் பயன்படுத்தும் பாகம். ஆனால் 'கே குலோ' என்று வியந்தால் 'என்ன அதிர்ஷ்டம்!' என்று பொருளாம். அதே சொல்லின் பிரெஞ்சு வடிவம்தான் முட்டுச்சந்தைக் குறிக்கும் 'கல்-டி-சாக்'கின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் நாங்கள் குடியிருப்பதே அப்படி ஒரு சந்தில்தான். வீடு விற்பவர்கள் அதைப் பெருமையாகப் பலகையில் போடுகிறார்கள். ஆகவே அது குடும்பப் பாங்கான சொல் என்று முடிவு கட்டிவிட்டேன்.

எங்கள் மேலாளர் லூசியானா, பிரேசில்காரி. நிரந்தர வேலை எனக்கா, வேறொருவனுக்கா என்பது அவள் கையில் இருந்தது. அது கிடைத்தால்தான் விசா நீளும். இல்லையென்றால் மனைவி மகளோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து ஊரில் அவளுடைய அப்பா இறந்துபோனார். தொண்ணூறு வயது, தூக்கத்திலேயே போய்விட்டார். அவளால் போக முடியவில்லை.

துக்கம் கேட்கப் போகாமல் இருக்க முடியுமா? சனிக்கிழமை மனைவி கவிதாவையும் கூட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்டினேன் (இந்த ஊரில் காபி குடிக்க வருவதற்கே ஒரு வாரம் முன்னால் அனுமதி வாங்குவார்கள்). மேசையில் அப்பாவின் படம், ஒரு மெழுகுவத்தி. பக்கத்தில் சாய்த்துவைத்த போனில், பிரேசிலிலிருந்து அவளுடைய அம்மா.

"ஏங்க, ஏதாவது சொல்லுங்க" என்று கவிதா முழங்கையால் இடித்தாள்.

என்ன சொல்வது? நம்மில் இது கல்யாணச் சாவு. 'கொடுத்துவைத்தவர்' என்போம். அதை அவள் மொழிக்கு நெருக்கமாகச் சொன்னால் மனசு ஆறுமே! அவள் பேசும் போர்த்துகீசியம் இத்தாலியனுக்குத் தங்கைதானே? படத்தைப் பார்த்துக் கைகூப்பி, உருக்கமாக, "கே குலோ" என்றேன்.

போனில் அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். அந்தச் சொல் பிரேசிலில் ஓரெழுத்தாகச் சுருங்கிவிட்டது என்பதும், உட்காரும் பாகத்தை விட்டுவிட்டு அதன் நட்டநடுவை மட்டும் குறிக்கிறது என்பதும் எனக்கு மார்கோ சொல்லித்தராத பாடங்கள்.

"என்ன சொன்னே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் லூசியானா.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்கப்பா அதிர்ஷ்டசாலின்னு சொன்னேன்."

"எங்கப்பா செத்தது அதிர்ஷ்டமா?"

"ஆமா" என்றேன்.

கெட்ட வார்த்தையைக்கூட மன்னித்திருப்பாள். அந்த 'ஆமா'வை அவள் மன்னிக்கவில்லை. போதாததற்கு, சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்களே! இருவரும் எழுந்தோம். அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டோம்.

திங்கட்கிழமை வேலை மற்றவனுக்குப் போயிற்று. மங்கரேயில் சரக்கு ஏற்றும் வேலை ஒன்று கிடைத்து விசா நீளும்வரை எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

போன வருடம் மதுரையில் என் அப்பா போனார். அவரும் தூக்கத்தில்தான். "நீ வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்டா" என்று அண்ணன் சொல்லிவிட்டான். நான் போகவில்லை. இங்கே எங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்த தமிழர்களெல்லாம் "கொடுத்துவச்ச மனுஷன்" என்றார்கள். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரும் "ஓம், நல்ல சாவு" என்று தலையாட்டினார். ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் குத்தியது. செத்ததில் என்னய்யா அதிர்ஷ்டம் என்று சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. லூசியானாவும் இப்படித்தான் துடித்திருப்பாள் என்று அப்போதுதான் உறைத்தது.

கவிதா என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும். காதருகே குனிந்து, "கே குலோ" என்றாள்.

சிரித்துவிட்டேன். அப்பாவின் படத்துக்கு முன்னால், அத்தனை பேர் பார்க்க, அடக்க முடியாமல் சிரித்தேன். அது எப்போது அழுகையாக மாறியதென்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிக்கொண்டிருந்தார்கள் (வழக்கத்துக்காகவா, பயந்தா என்று இன்றுவரை கேட்கவில்லை).

இப்போது நான் எந்தத் துக்கத்துக்குப் புறப்பட்டாலும், செருப்பை மாட்டும்போதே என் மகள் உள்ளிருந்து குரல் கொடுக்கிறாள்:

"அப்பா, நோ இத்தாலியன், ப்ளீஸ்!"