உடுமலைப்பேட்டையில நான் எந்திரிக்காத மத்தியானம்

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதானுங்க. உடுமலைப்பேட்டைக்குப் போகணும், ஒரு துக்கம் விசாரிக்கணும், துடியலூருக்குத் திரும்பி வரணும்.

எங்க ஊட்டுக்காரரோட பழைய கூட்டாளி ஒருத்தர் அங்க இருக்காரு. அவரு சம்சாரம் தெய்வானையோட அம்மா தவறிப்போயிட்டாங்க. எம்பத்தாறு வயசு. அந்தம்மாவ நான் பாத்ததே இல்ல. தெய்வானையையே ரெண்டு மூணு கல்யாணத்துல பாத்ததுதான்.

"அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு வந்தர்லாம் அம்மணி"ன்னாரு அவரு.

"செரிங்க"ன்னேன்.

இங்க என்ற உடம்பப் பத்திக் கொஞ்சம் சொல்லிப்போடறேன். ஏழு மாசம் முன்னால ஒரு நாள் வெடியால எந்திரிச்சா, கை ரெண்டும் தோளுக்கு மேல போகல. தலை சீவ முடியல. தொடை ரெண்டும் சிமெண்டுல செஞ்சாப்ல கெடக்குது. கட்டில்ல இருந்து என்னை இழுக்கறதுக்கு அவரு செவுத்துல ஒரு காலை ஊனிக்குவாரு. "கெணத்துல இருந்து மோட்டாரத் தூக்கறாப்ல இருக்குது"ன்னு புலம்புவாரு.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பாத்துட்டு ஒரு பேரு சொன்னாங்க. பாலிமையால்ஜியா ருமாட்டிகா! சொல்லிப் பழகறதுக்கே எனக்கு ஒரு மாசமாச்சு.

ஸ்டீராய்டு மாத்திரை குடுத்தாங்க. மூணாம் நாளே மொட்டை மாடிக்கு ஏறிப் போய்க் கொடியில துணி காயப்போட்டேன்! அவ்வளவு சுகம்.

சுகம் தனியா வருமா? கூடவே பசி வந்துச்சு. மொகம் உப்பிப்போச்சு. சும்மாச் சும்மாக் கண்ணுல தண்ணி வேற. போன மாசம் சிலிண்டர் கொண்டாந்தவரு "உடம்பு தேவலைங்களாம்மா"ன்னு கேட்டதுக்கு அழுதுபோட்டேன். பாவம், அந்த மனுசன் கையெழுத்துக் கூட வாங்காம ஓடிட்டாரு.

டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லுவாங்க: "நான் சொல்லச் சொல்லத்தான் கொறைக்கணும். நீங்களாக் கொறைக்கவே கூடாது."

நான் முப்பது வருஷம் கணக்கு டீச்சர். ரெண்டால வகுக்கறதுக்கு எனக்கெதுக்குங்க டாக்டரு?

பக்கத்து ஊட்டுக்காரம்மா "என்னங்க டீச்சர், மொகம் ஆப்பமாட்ட உப்பிப்போச்சு"ன்னு கேட்ட அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். பத்து மில்லிகிராம் மாத்திரைய ஒடச்சு அஞ்சாக்குனேன். ஊட்டுக்காரருகிட்ட மூச்சு விடல. நாலு நாளு ஒண்ணும் ஆகல. "பாத்தியா, நாம டாக்டருக்கே படிச்சிருக்கலாம்"னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

அஞ்சாம் நாள்தான் உடுமலைப்பேட்டை.

போய்ச் சேந்தோம். அவரு வெளிய பந்தல்ல ஆம்பளைகளோட உக்காந்துட்டாரு. நான் உள்ள போனேன். நடுக்கூடத்துல மாலை போட்ட போட்டோ. கீழ பாயில ஒறம்பரை, சொந்தக்காரப் பொம்பளைங்க. நடுவுல தெய்வானை.

ஒருத்தர் மரியாதையா, "சேர்ல உக்காருங்க டீச்சர்"ன்னாங்க.

"பரவால்லீங்க"ன்னேன்.

ஏன் சொன்னேன்? எழுபது வயசுக்காரங்க எல்லாம் சம்மணம் போட்டு உக்காந்திருக்காங்க. அறுவத்தி மூணு வயசுல எனக்கு மட்டும் சேரா? ரோசம்!

தெய்வானை பக்கத்துல மெதுவாக் குனிஞ்சேன். பாதி வழியில தொடை கைவிட்டிருச்சு. தொப்புன்னு விழுந்தேன்.

"ஐயோ, அக்கா!"ன்னு தெய்வானை பதறிட்டா. நான் துக்கம் தாங்காம விழுந்துட்டேன்னு நெனச்சு, அப்படியே என்னைக் கட்டிப்புடிச்சா. சரியா அந்த வலிக்கற தோள்பட்டையில!

"அம்மா...!"ன்னு கத்திப்போட்டேன்.

அவ்வளவுதான். கூடமே அழ ஆரம்பிச்சிருச்சு. அது வரைக்கும் அமைதியாக் காப்பி குடிச்சுட்டு இருந்தவங்க கூட டம்ளரக் கீழ வெச்சுட்டு அழுதாங்க. தெய்வானை "அம்மா"ன்னு என்ற தோள்ல முட்ட, நான் வலியில "அம்மா"ன்னு கத்த, நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மிஞ்சிட்டு இருந்தோம்.

அஞ்சு நிமிஷம் ஆச்சு. ஊட்டுக்காரரு வாசல்ல வந்து நின்னு வாட்ச்சப் பாத்தாரு.

துக்க ஊட்டுல "போயிட்டு வாரேன்"னு சொல்லக் கூடாது. சொல்லாம எந்திரிச்சுப் போயிரணும். சொல்லாமப் போறது எனக்குப் பிரச்சனையே இல்லீங்க. எந்திரிக்கறதுதான்!

ஒரு காலை மடக்கிப் பாத்தேன். வரல. கையை ஊனிப் பாத்தேன். தோள்பட்டை "போடி"ன்னுச்சு. அவருக்குக் கண்ணால ஜாடை காட்டுனேன். முப்பத்தெட்டு வருசத்துல என்ற ஜாடை எது அவருக்குப் புரிஞ்சிருக்குது? தலைய ஆட்டிட்டுப் பந்தலுக்கே போயிட்டாரு.

ஃபோன எடுத்து வாட்ஸப்புல போட்டேன்: "எந்திரிக்க முடியல."

பதில் வந்துச்சு: "புரியுது. நல்லா அழுது முடிச்சுட்டு வா."

அதுக்குள்ள அடுத்த கூட்டம் உள்ள வந்துச்சு. எல்லாரும் முதல்ல தெய்வானையப் பாத்தாங்க, அப்புறம் என்னையப் பாத்தாங்க.

"பாவம், அழுது அழுது மொகமே வீங்கிப்போச்சு பாருங்க."

"மூத்த பொண்ணுங்களா?"

"தெரியலீங்க. வந்ததுல இருந்து எந்திரிக்கவே இல்ல."

ஒரு பெரியம்மா என்ற கையப் புடிச்சுக்கிட்டு, "ஆத்தாளுக்கு உன்ற மேல ரொம்பப் பிரியமா கண்ணு?"ன்னு கேட்டாங்க.

நான் போட்டோவப் பாத்தேன். போட்டோவும் என்னைப் பாத்துச்சு. ரெண்டு பேருக்கும் அதுதான் முதல் அறிமுகம்.

"ஆமாங்க"ன்னேன். வேற என்னத்தச் சொல்லறது?

மணி ஒண்ணரை. சம்பந்தி ஊட்டுல இருந்து சாப்பாடு வந்துச்சு. சாம்பார் வாசம். ஸ்டீராய்டுப் பசின்னா என்னன்னு போட்டவங்களுக்குத்தான் தெரியும். பாயைக் கூடத் திங்கலாம்னு இருந்துச்சு.

எல்லாரும் எந்திரிச்சுப் பின்கட்டுக்குப் போனாங்க. "வாங்கக்கா, ஒரு வாய் சாப்புடுங்க"ன்னா தெய்வானை.

எந்திரிச்சாத்தானே! "வேண்டாங்க"ன்னேன். வயிறு உள்ளுக்குள்ள என்னையத் திட்டுச்சு.

"அப்ப எனக்கும் வேண்டாம்"னுட்டு அவளும் பாயில உக்காந்துட்டா.

கதவோரம் நின்னுட்டு இருந்த ஒரு அம்மா என்ற காதுல குசுகுசுன்னு சொன்னாங்க: "நீங்களாவது சொல்லுங்கம்மா. ரெண்டு நாளா அவ பச்சத்தண்ணி கூடச் சரியாக் குடிக்கல. ஆத்தாள ஏழு வருசம் படுக்கையில வெச்சுப் பாத்துக்கிட்டவ."

எனக்குச் சுருக்குன்னுச்சு. இந்தப் புள்ளை ரெண்டு நாளாப் பட்டினி. நான் ஒரு கவுரவத்துக்காக அவ சோத்தையும் சேத்துத் தடுத்துட்டு உக்காந்திருக்கேன்.

"தெய்வானை, இங்க கொண்டாரச் சொல்லு கண்ணு. ரெண்டு பேரும் இங்கயே சாப்புடலாம்"னேன்.

எலை வந்துச்சு. அவ ஒரு வாய் வெச்சா. அப்புறம் இன்னொரு வாய். நான் மூணு தடவை சாம்பார் வாங்குனேன். ரசம் ரெண்டு தடவை. மோருக்கு வந்தப்ப, பரிமாறுன அம்மாவே கொஞ்சம் யோசிச்சாங்க.

"துக்கத்துல சில பேருக்குப் பசி எடுக்குமுங்க"ன்னு யாரோ எனக்காகப் பேசுனாங்க.

எலைய எடுத்ததும் கூடத்துல நாங்க ரெண்டு பேருதான். இதுக்கு மேல தாங்காதுன்னு சொல்லிட்டேன்.

"கண்ணு, தப்பா நெனைக்காத. நான் அழுதுட்டு உக்காந்திருக்கல. எனக்கு எந்திரிக்க முடியல."

"ஏனுங்கக்கா?"

எல்லாத்தையும் சொன்னேன். மாத்திரை, ஆப்பம், ரெண்டால வகுத்தது, தோள்பட்டையில அவ முட்டுனது.

தெய்வானை என்னையவே பாத்தா. வாய் கோணுச்சு. அழப்போறான்னு நெனச்சேன். சிரிச்சுப்போட்டா! முந்தானைய வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டுத் தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கறா. கதவோரத்து அம்மா ஓடி வந்து, "அழாத கண்ணு, அழாத"ன்னு முதுகத் தடவறாங்க. அவளுக்கு இன்னும் சிரிப்பு.

"எங்கம்மாவும் இப்படித்தானுங்கக்கா"ன்னா, கண்ணத் தொடச்சுக்கிட்டு. "பிரஷர் மாத்திரைய ஜன்னல் வழியாக் கோழிக்குப் போட்டுட்டு, முழுங்கிட்டேன்னு சொல்லும்."

அப்புறம் உள்ள போய் ஒரு துண்டு கொண்டாந்தா. என்ற இடுப்பச் சுத்திப் போட்டுப் புடிச்சுக்கிட்டா. "கையப் புடிச்சு இழுக்கக் கூடாதுங்கக்கா. முட்டிய மடக்குங்க. முன்னால சாயுங்க. ஒண்ணு, ரெண்டு..."

மூணு சொல்றதுக்குள்ள நின்னுட்டேன்! வலியே இல்ல. எங்க ஊட்டுக்காரரு அன்னைக்குச் செவுத்துல காலை ஊனி இழுத்தாரே, அவரு வந்து பாக்கணும்.

நான் நின்ன பொறகும் தெய்வானை துண்ட விடல.

"அம்மாவ இப்படித்தான் தூக்குவேன். ரெண்டு நாளாக் கை சும்மாவே இருக்குதுங்கக்கா"ன்னா.

அப்ப அழுதேன் பாருங்க. அது ஸ்டீராய்டு இல்லீங்க. அந்தம்மாவுக்காக நான் நெசமா அழுதது அப்பத்தான்.

வெளிய வந்தோம். ஊட்டுக்காரரு கவலையா எந்திரிச்சு வந்தாரு. "மனசு தேத்திக்கிட்டயா அம்மணி?"

தெய்வானை ஒரு செகண்டு கூட யோசிக்கல. "ஏனுங்கண்ணா, அக்கா அஞ்சு நாளா மாத்திரைய ஒடச்சுப் பாதிதான் போடறாங்க. பாத்துக்குங்க"ன்னு போட்டுக் குடுத்துட்டா!

ஊட்டுக்குத் திரும்பக் கெளம்புனோம். பொள்ளாச்சியில வண்டிய ஓரங்கட்டி டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சாரு. அவங்க, "இன்னைக்கே பழைய அளவுக்குப் போயிருங்க. திங்கக்கெழமை நேர்ல வாங்க"ன்னாங்க. கடைசியா, "டீச்சர்தானே நீங்க?"ன்னு ஒரு கேள்வி. முப்பது வருசம் நான் பசங்களக் கேட்ட அதே தொனி.

இன்னைக்கு வெடியால முழு மாத்திரை போட்டாச்சுங்க. முழுங்குனேனா இல்லையான்னு ஊட்டுக்காரரு வாயத் தொறக்கச் சொல்லி டார்ச்சு அடிச்சுப் பாத்தாரு.