கஞ்சி போட்ட பை

கவலைப்படுகிறவர்கள் கையில் எந்த மெஷினையும் ஒப்படைக்கக் கூடாது. அலட்சியமானவர் கையில் இருக்கிற மெஷின் தன் பாட்டுக்கு ஓடி, தன் பாட்டுக்குக் கெட்டுப்போகும். கவலைப்படுகிறவர் அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டே கெடுப்பார். உலகத்தில் இந்த விஷயத்தை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யாராவது இருந்தால், அவர் வீட்டு மெஷின்களுக்காக அனுதாபப்படுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் காரைக்கால் பக்கம் ஒரு நூல் மில்லில் கூட்டுகிற வேலை பார்த்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு அதுவே பெரிய வேலைதான். ஆனால் டெம்பரரி. தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். மேஸ்திரி வந்து, நீ வா, நீ வா, நீ போ என்பார். அந்த 'நீ போ' என் பக்கம் திரும்பிவிடுமோ என்று எங்கள் ஊர் கோவில்பத்தில் பஸ் ஏறும்போதே ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். பெர்மனென்ட் ஆகிவிட்டால் கேட்டுக்கு உள்ளே நேராக நடந்து போகலாம். என் ஆசையெல்லாம் அந்தக் கேட்டைத் தாண்டுகிற ஆசைதான்.

அப்படியிருக்கும்போது மில்லுக்கு ஒரு பெரிய வாக்குவம் கிளீனர் வந்தது. வீட்டில் வைத்துக்கொள்கிற சின்னது இல்லை. இடுப்பு உயர இரும்புப் பீப்பாய், கீழே சக்கரம், மேலே மோட்டார் வைத்த மூடி, முன்னால் தும்பிக்கை மாதிரி குழாய். பீப்பாய்க்குள் ஒரு பெரிய துணிப் பை தொங்கும். குழாய் பஞ்சையும் தூசியையும் இழுக்கும். பை அதைப் பிடித்துக்கொண்டு காற்றை மட்டும் விடும். அந்தக் காற்று பின்பக்க ஓட்டை வழியாக வெளியே போகும். (இந்த ஓட்டையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் முதலாளி சாகும்வரை ஞாபகம் வைத்திருந்திருப்பார்.)

மெஷினோடு மெட்ராஸிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். மூடியைக் கழற்றினார், பையைத் தட்டினார், விரலை ஆட்டினார், இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார். மேனேஜர் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பிலோமினா, பையைச் சுத்தமா வச்சிக்க. பை சுத்தமா இருந்தா மெஷின் ரொம்ப வருஷம் உழைக்கும்ங்கிறாரு."

"அவ்வளவுதானா சார்? ரொம்ப நேரம் பேசினாரே."

"அவ்வளவுதான்மா. மத்ததெல்லாம் உனக்கு எதுக்கு?"

மற்றதெல்லாம் எனக்குத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? புத்தகம் ஒன்றும் வந்தது. தொலைந்துவிடும் என்று மேனேஜர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். மெஷினை வராந்தாவில் நிறுத்தினார்.

இத்தனை பேர் இருக்க மெஷினை என்னிடம் கொடுத்ததற்குக் காரணமும் அவரே எல்லார் முன்னாலும் சொன்னார். "இவதான் எல்லாத்துக்கும் பயப்படுவா. இவகிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்." பாராட்டு மாதிரி இருந்ததால் நான் சிரித்துத் தொலைத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போனது. கடல் காற்றில் துரு ஏறுமே என்று கிளிப்புகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். (எண்ணெயில் பஞ்சு ஒட்டி, கிளிப்புகளுக்குத் தாடி முளைத்தது.) வராந்தாவில் சாரல் அடிக்குமே என்று என் பழைய புடவையைப் போர்த்தினேன். ஓடும்போது அடிக்கடி நிறுத்தி, மோட்டார்மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தேன்.

எலக்ட்ரீஷியன் யூசுப் காக்கா (அவர்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்பார்கள், மில்லில் எல்லாருக்கும் அவர் காக்காதான்) அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று விசாரிப்பார்.

"தங்கச்சி, காய்ச்சல் எறங்கிச்சா?"

"கொஞ்சம் சூடு இருக்கு காக்கா."

"ராவுத்தர் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. ஊசி போட்டுருவாரு."

அவருக்கென்ன, பெர்மனென்ட்.

சில மாதம் கழித்து முதலாளி கோயம்புத்தூரிலிருந்து மனைவியோடு வருவதாகச் செய்தி வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "புது மெஷினை ஓட்டிக் காட்டச் சொல்லுவாரு. நீதான் ஓட்டணும். நல்லபடியா முடிஞ்சா அன்னிக்கே அவர்கிட்ட சொல்லி உன்னை பெர்மனென்ட் பண்ணிடறேன்."

நேராக வராந்தாவுக்கு ஓடினேன். மூடியைத் திறந்து பையைப் பார்த்தேன். தட்டித் தட்டித்தான் வைத்திருந்தேன், இருந்தாலும் கரும்பழுப்பாக, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறையாக இருந்தது. இதுவா சுத்தம்? இதை முதலாளி பார்த்தால்? சனிக்கிழமை சாயங்காலம் பையைக் கழற்றிச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மாதா கோயிலின் பீடத்தில் விரிக்கிற துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுப்பது எங்கள் வீட்டுப் பொறுப்பு. அம்மாவுக்குப் பிறகு நான். பூசை வைக்கும்போது பீடத்துணியில் ஒரு சுருக்கம் இருந்தால் ஊரே பேசும். அதனால் எனக்குத் தெரிந்த சுத்தம் ஒரே சுத்தம்தான். சவுக்காரத்தில் ஊறவைத்து, அடித்துத் துவைத்து, நீலம் போட்டு, வடித்த கஞ்சியில் முக்கி, வெயிலில் காயவைத்து, கரிப்பெட்டியால் இஸ்திரி போடுவது. அதற்குக் குறைந்த எதுவும் எங்கள் வீட்டில் சுத்தம் ஆகாது.

துவைத்ததும் பை துவண்டுபோய் நோயாளி மாதிரி தொங்கியது. கொஞ்சம் சிறுத்தும் போயிருந்தது. எனக்குப் பகீரென்றது. தெம்பு போய்விட்டதே என்று, பீடத்துணிக்குப் போடுவதைவிடக் கெட்டியான கஞ்சியாகப் போட்டேன்.

ஞாயிறு மத்தியானம் பூசை முடிந்து வந்து சாப்பிட்ட பின், இஸ்திரி போட்டுத் தரையில் வைத்தேன். பை தானாக நின்றது. வெள்ளை வெளேரென்று, லேசான நீல ஓட்டத்தோடு, யார் தயவும் இல்லாமல் நின்றது. என் வீட்டுக்காரர் சூசை தச்சு வேலை செய்பவர். வந்து விரலால் சுண்டிப் பார்த்தார். டங் என்றது.

"என்ன மரம் இது?"

"மில்லுப் பைங்க."

"பையா? இதுல ரெண்டு கீல் அடிச்சா கதவாவே மாட்டிடலாம்."

"சும்மா இருங்க. நாளைக்கு எனக்கு பெர்மனென்ட் ஆவுற நாளு."

"அதான் பாக்கறேன். உனக்கு முந்தி பை பெர்மனென்ட் ஆயிருச்சு."

மடித்தால் கஞ்சி உடையும் என்று திங்கட்கிழமை பஸ்ஸில் அதைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுபோனேன். கண்டக்டர் வந்து என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "இவங்க எங்க எறங்குறாங்க?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிக்கட்டும், நாளை முதல் கேட்டுக்குள் நேராக நடந்து போகப் போகிறவள் நான்.

மில்லில் பையை மாட்டுவதற்குள் உயிர் போனது. பையின் வாயை ஒரு இரும்பு வளையத்தில் நுழைத்து இறுக்க வேண்டும். சிறுத்துப்போன, விறைத்துப்போன வாய், நுழைவேனா என்றது. முழங்காலை வைத்து அழுத்தி எப்படியோ மாட்டினேன். கெட்டியாக இருப்பதால்தான் கஷ்டப்படுகிறது, கெட்டியாக இருப்பது நல்லதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் யாராவது என்னைப் பிடித்து இரண்டு அறை விட்டிருக்கலாம்.

முதலாளி வந்தார். கறுப்பு சஃபாரி சூட். கூடவே பட்டுப் புடவையில் அந்தம்மா. மேனேஜர் அவர்களை மரியாதையாக மெஷினுக்குப் பின்னால் நிற்க வைத்தார். முன்னால் நின்றால் தூசி படுமாம்.

சுவிட்சைப் போட்டேன். வழக்கமாக 'உம்' என்று அடித்தொண்டையில் ஓடுகிற மெஷின், அன்றைக்கு 'கீ' என்று மேலே ஏறியது. யூசுப் காக்கா புருவத்தை உயர்த்தினார்.

"என்ன தங்கச்சி, குரல் மாறுது?"

"தெம்பு வந்திருக்கு காக்கா."

குழாயைத் தரையில் வைத்து இழுத்தேன். பஞ்சு அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன். பஞ்சு என்னைப் பார்த்துக்கொண்டு அப்படியே கிடந்தது. கஞ்சி போட்ட துணியில் காற்றுப் போக வழியில்லை, காற்று போகாத மெஷின் எதையும் இழுக்காது என்பது இன்று எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அன்று வியர்வைதான் தெரிந்தது.

மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னொரு மோட்டாரையும் போடும்மா" என்றார். மூடியில் இரண்டு மோட்டார். வழக்கமாக ஒன்றே போதும். இரண்டாவதையும் போட்டேன்.

உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். உடனே மெஷின் இழுக்க ஆரம்பித்தது. எப்படி இழுத்தது தெரியுமா? தரையில் கிடந்த பஞ்செல்லாம் பறந்து வந்து குழாய்க்குள் விழுந்தது. நான் போன இடமெல்லாம் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. மேனேஜர் முகம் மலர்ந்தது. "பாருங்க சார், என்ன மாதிரி இழுக்குது" என்று தரையையே காட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் கண் கலங்கியது. அன்னை மாதாவே, கேட்டு திறந்துவிட்டது என்று நினைத்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னால் யாரும் பார்க்கவில்லை.

பை வளையத்திலிருந்து கழன்று பீப்பாய்க்குள் விழுந்திருந்தது. தூசியைப் பிடிக்க ஆளில்லை. முன்னால் நான் இழுத்த அத்தனை பஞ்சும் மோட்டாரைத் தாண்டி, பின்பக்க ஓட்டை வழியாக, மிகுந்த வேகத்தோடு முதலாளிமேல் போய்க்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தபோது கறுப்பு சஃபாரி சூட் இல்லை. வெள்ளையாக ஒருவர் கையை அகட்டிக்கொண்டு நின்றார். புருவம், மீசை எல்லாம் பஞ்சு. அந்தம்மா புடவைத் தலைப்பால் முகத்தைப் பொத்தியிருந்தார். பின்னால் அன்று காலை சுற்றிய நூலெல்லாம் ஆட்டுக்குட்டி மாதிரி ஆகியிருந்தது. மோட்டாரிலிருந்து புகை வந்தது. யூசுப் காக்கா ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார்.

சத்தம் அடங்கியதும் அந்தம்மா மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"யாரோ கஞ்சியை அடிப்பிடிக்க விட்டுட்டாங்க போலிருக்கே."

மேனேஜர் மூடியைத் திறந்து பையை வெளியே எடுத்துக் கீழே வைத்தார். அந்தப் பாவி அங்கேயும் நின்றது.

"இது என்ன?" என்றார் முதலாளி, வாயிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டே.

"பை சார்," என்றேன். "சுத்தம் பண்ணினேன்."

"எப்படி?"

சவுக்காரத்திலிருந்து கரிப்பெட்டி வரை எல்லாவற்றையும் சொன்னேன். பயந்தால் எனக்குப் பேச்சு நிற்காது. யூசுப் காக்கா சுவரைப் பார்த்து நின்றுகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

"மெஷின் புத்தகத்துல துவைக்கச் சொல்லியிருக்கா?" என்று முதலாளி மேனேஜரைக் கேட்டார்.

"புத்தகம் பத்திரமா பீரோவுல இருக்கு சார்."

சாவியைத் தேடிப் புத்தகத்தை எடுத்துவந்து மேனேஜரே நின்றபடி படித்தார். பையைத் தினமும் தட்டினால் போதும், நனைக்கவே கூடாது, வளையத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. மெட்ராஸ்காரர் அன்று விரலை ஆட்டியது எதற்கு என்று எனக்கு அப்போது புரிந்தது.

என் கதை முடிந்தது என்று துடைப்பத்தைத் தேடினேன். அந்தம்மா மட்டும் குனிந்து பையின் ஓரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஸ்திரி யார் போட்டது?"

"நான்தாம்மா."

"நம்ம கெஸ்ட் ஹவுஸ்ல பெட்ஷீட்டெல்லாம் கந்தல் மாதிரி கிடக்கு. இவளை அங்கே போடுங்க."

அடுத்த வாரம் எனக்கு பெர்மனென்ட் ஆனது. கெஸ்ட் ஹவுஸில் துணி பார்க்கிற வேலை. கேட்டுக்குள் நேராக நடந்து போனேன். ஆனால் வாட்ச்மேனிடம் மேனேஜர் ஒன்று சொல்லி வைத்திருந்தார்: பிலோமினா ஸ்பின்னிங் பக்கம் திரும்பினால் உடனே தகவல் சொல்ல வேண்டும். ரிட்டயர் ஆகும்வரை அந்த உத்தரவு மாறவில்லை. மோட்டார் மெட்ராஸ் போய்த் திரும்பி வந்து, பல வருஷம் உழைத்தது. நான் தொடாததால்தான் உழைத்தது என்பது யூசுப் காக்காவின் கட்சி.

இப்போது என் மகள் வீட்டில் ஒரு சின்ன வாக்குவம் கிளீனர் இருக்கிறது. நான் படியேறும்போதே மருமகன், "அத்தை வந்துட்டாங்க, பையை எடுத்து உள்ள வை" என்று சத்தம் போடுவார். இட்லி கல்லாக இருந்தாலும், புதுச் செருப்பு கடித்தாலும், "அம்மா கஞ்சி போட்டுட்டாங்க" என்பதுதான் அந்த வீட்டில் பேச்சு.

போன தடவை போயிருந்தபோது மெஷின் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பையைத் தட்டி எத்தனை நாள் ஆயிற்றோ, சத்தம் 'கீ' என்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. பொறுக்கவில்லை. மெதுவாகப் பக்கத்தில் போனேன்.

"அம்மா, அதைத் தொடாதம்மா," என்றாள் மகள் அடுப்படியிலிருந்து.

"தொடலடி," என்றேன், புறங்கையை எடுக்காமல். "காய்ச்சல் இருக்கான்னு பாத்தேன்."