வெள்ளம் புகுந்த புகைப்படம்

"என் கடை இருக்கிற இடத்துல மூணு பேர் சுவரைப் பாத்து நிக்கிறாங்களே, என்ன பண்றாங்க?" என்று கேட்டார் ஜவுளிக்கடை முதலாளி.

ஸ்டூடியோக்காரர் படத்தைத் துடைப்பதுபோல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். என்ன பண்ணுகிறார்கள் என்பது படத்தில் பளிச்சென்று தெரிந்தது. தொண்ணூறு வருஷத்துக்கு முன் அவருடைய தாத்தா தெருமுனையில் நின்று எடுத்த படம். இரண்டு பக்கக் கட்டடங்களும் அதில் விழுந்திருந்தன. பரணில் கிடந்த அதன் கண்ணாடி நெகட்டிவ் தகட்டைத் துடைத்து, தன் கையாலேயே பெரிதாகப் பிரிண்ட் போட்டு, நூலகச் சுவரில் மாட்டியிருந்தார். அதோடு விட்டாரா? ஒவ்வொரு கட்டடத்துக்கும் கீழே, இன்று அங்கே எந்தக் கடை இருக்கிறது என்றும் எழுதிவைத்தார். அந்தக் கணக்குப்படி, ஜவுளிக்கடை இருக்கும் இடதுபக்கத்தில் அன்று இருந்தது தகரம் அடித்த பொதுக் கழிப்பிடம்.

"நாலு தலைமுறையா ஒரே இடம்னு பையில அச்சடிச்சுக் குடுக்கிறேன் தம்பி. அங்க என்ன வியாபாரம் பண்ணீங்கன்னு ஊர் கேக்குமா கேக்காதா?"

வேறு யாராவது என்றால் வரலாறு, உண்மை என்று ஸ்டூடியோக்காரர் ஒரு பிடி பிடித்திருப்பார். ஆனால் ஸ்டூடியோ இருப்பதே முதலாளியின் கட்டடத்தில்தான்.

"ஒரு வழி பண்ணு. இல்ல, கடையைக் காலி பண்ணு."

ஊரே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளும் காலத்தில், பாஸ்போர்ட் படத்துக்கு வரும் நாலு பேரை நம்பித்தான் குடும்பம் நடந்தது. அந்த இடத்தை விட்டால் அந்த நாலு பேரும் இல்லை.

முதல் வேலையாகக் கழிப்பிடத்தின் மேல் மஞ்சள் காகிதம் ஒட்டினார். அதுவரை அந்த மூலையை யாரும் சீந்தவில்லை. ஒட்டிய பிறகு வந்தவர்களெல்லாம் நேராகப் போய்க் காகிதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்த்தார்கள்.

அதற்குள் எதிர்ப்பக்கத்து சைக்கிள் கடைக்காரர் வந்து சேர்ந்தார். படத்தில் அவர் கடை இருக்க வேண்டிய இடத்தில் தூண் வைத்த மாளிகை நின்றது.

"எங்க பரம்பரை என்னன்னு இப்பதான் புரியுது. இனிமே பஞ்சர் ஒட்டறதை யோசிச்சுத்தான் செய்யணும்" என்றவர், நேராக ஜவுளிக்கடைக்குப் போய் அதையே உரக்கவும் சொன்னார்.

முதலாளியிடமிருந்து ஆள் வந்தது: "நாளைக்குள்ள சரி பண்ணணுமாம்."

ஸ்டூடியோக்காரர் இரவெல்லாம் புரண்டார். காலையில் புது அட்டை எழுதினார்: 'இப்படம் எடுக்கப்பட்ட மறு ஆண்டு பெருவெள்ளத்தில் தெரு அழிந்தது. பின்னர், இடப்பக்கத்தார் வலப்பக்கமும், வலப்பக்கத்தார் இடப்பக்கமும் குடியேறினர்.'

மனைவி படித்துவிட்டு, "எப்ப வந்துச்சு இந்த வெள்ளம்?" என்றாள்.

"தொண்ணூறு வருஷம் ஆச்சு."

"யார் பாத்தா?"

"அதான் வசதியே!"

"வாடகைக் கடைக்காக ஊரையே மூழ்கடிச்சிட்டீங்க. நல்லாருங்க."

மாளிகை கைக்கு வந்ததில் முதலாளிக்கு வாயெல்லாம் பல். கழிப்பிடம் கைக்கு வந்த சைக்கிள் கடைக்காரரோ சண்டைக்கு வந்தார். அவரைச் சமாதானப்படுத்த, 'வெள்ளத்தில் பதினோரு பேரைக் காப்பாற்றியவர் சைக்கிள் கடைக்காரரின் கொள்ளுத்தாத்தா' என்று இன்னொரு வரி சேர்க்க வேண்டியதாயிற்று.

பத்திரிகைக்காரர் ஒருவர் இரண்டு வரியையும் அப்படியே போட்டார். அவ்வளவுதான், தெருவுக்கே ஞாபகசக்தி பீறிட்டது. "எங்க தாத்தா அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தர்" என்று பத்தொன்பது பேர் வந்தார்கள். பழைய பேப்பர் கடைக்காரர், "எங்க பெரிய தாத்தாவைத் தண்ணி இழுத்துட்டுப் போயிடுச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெரிய தாத்தா அடுத்த தெருப் பெண்ணோடு ஓடிப்போனதாகத்தான் அதுவரை குடும்பத்தில் பேச்சு.

கவுன்சிலர் சும்மா இருப்பாரா? நூலக வாசலில் நினைவுக்கல் நடுவதாக அறிவித்தார். கல்லில் வெள்ளத்தின் உயரத்தைக் கோடு போட்டுக் காட்ட வேண்டுமாம். எவ்வளவு உயரம் என்று ஸ்டூடியோக்காரரைக் கேட்டார்கள். அவர் பயத்தில் கழுத்தைத் தடவிக்கொண்டார். அந்த உயரத்திலேயே கோடு போட்டுவிட்டார்கள்.

திறப்பு விழாவில் கூட்டம் நெரிந்தது. படத்தையும் வாசலுக்குக் கொண்டுவந்து கல்லுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். கல்லில் 'ஆய்வு' என்று போட்டு ஸ்டூடியோக்காரரின் பெயர் ஆழமாகச் செதுக்கப்பட்டிருந்தது. "இவர் இருக்கிற வரைக்கும் ஸ்டூடியோ இங்கதான்!" என்று முதலாளி மைக்கில் முழங்கினார். ஸ்டூடியோக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெள்ளத்தில் மாண்டவர்களுக்காக எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள்.

முனைக்கடை சலூன்காரர் மட்டும் மூக்கு உரசும்படி படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மௌனம் முடியும்வரை அவருக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, படத்துல இருக்கிற அத்தனை பேருக்கும் சட்டைப் பை வலது பக்கம் இருக்கு, முடி வெட்டறவன் இடது கையில வெட்டறான், தினமும் என் கடைக் கண்ணாடியில நான் பாக்கிற மாதிரியே இருக்கே, தகட்டைத் திருப்பி வெச்சு பிரிண்ட் போட்டுட்டீங்களா?"