டபுள் பேரல் வக்கீலின் வலது கன்னம்

மதுரை ஜில்லாவிலேயே துப்பாக்கி வைத்துக்கொண்டு ஒரு கொசுவைக்கூடக் கொல்லாத ஒரே மனிதர் டபுள் பேரல் வக்கீல்தான். கொசு கடித்தால் ஊதிவிடுவார். அதையும் இரண்டு தடவை ஊதுவார்.

எதையும் இரண்டு தடவை சொல்கிற பழக்கம்தான் அவருக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது. "வாரேன், வாரேன்" என்று வருவார். "போறேன், போறேன்" என்று போவார். ஒரு வழக்கில் "என் கட்சிக்காரர் நிரபராதி, நிரபராதி" என்று அவர் வாதாட, ஜட்ஜ் முதல் தடவையிலேயே நம்பிவிட்டு, இரண்டாவது தடவையில் சந்தேகம் வந்து தண்டித்துவிட்டாராம். கட்டுக்கதைதான். ஆனால் கோர்ட் வாசலில் அதை நம்பாத ஆள் கிடையாது.

இரண்டாவது யுத்தத்துக்கு முந்தைய காலம். நான் மேலமாசி வீதியில் ஒரு துப்பாக்கிக் கடையில் குமாஸ்தா. எங்கள் கடைக்கு வருகிறவர்கள் ஜமீன்தார்களும் மலைத் தோட்டத்துத் துரைமார்களும்தான். அந்தப் படியில் ஒரு நாள் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக நம் வக்கீல் ஏறி வந்தார். ஏதோ நிலத் தகராறுக்காக நாகமலைப் பக்கம் இடம் பார்க்கப் போனவர், அங்கே துரைமார் கிளப்பில் மண் தட்டுகளை இயந்திரத்தால் ஆகாயத்தில் வீசிச் சுடுவதைப் பார்த்துவிட்டார். அன்றோடு நிலமும் போயிற்று, தகராறும் போயிற்று.

"தட்டு உடைஞ்சா பாவமில்ல மாப்ள, பாவமில்ல. சீமையிலயே ஒசத்தியானதா எடு, எடு."

எடுத்துக் காட்டினேன். பொங்கலுக்குப் பார்க்கத் தொடங்கியவர் சித்திரைத் திருவிழா வரைக்கும் பார்த்தார். இரண்டு குழலும் பக்கம் பக்கமாக இருந்தால் அழகா, ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தால் அழகா என்பதற்கே மாசி முழுக்கப் போயிற்று. கடைக்குள் தூக்கிப் பார்த்தால் போதாது என்று வீதியில் இறங்கி, பறக்கிற காக்கையோடு கூடவே குழலையும் திருப்புவார். தோட்டா கிடையாது, வெறும் துப்பாக்கிதான். அது எதிர்க்கடை நாவிதரிடம் பாதிச் சவரத்தில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியுமா? துண்டோடும் சோப்பு நுரையோடும் ஓடினவர் மீதிச் சவரத்துக்கு அந்தப் பக்கமே வரவில்லை. விசாரிக்க வந்த கான்ஸ்டபிள் கையிலும் துப்பாக்கியைக் கொடுத்து, "கனம் சரியா இருக்கா, சரியா இருக்கா?" என்று அபிப்பிராயம் கேட்டார். கான்ஸ்டபிள் சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வழியாகப் பக்கம் பக்கமான குழல் என்று தீர்ந்தது. அப்புறம் அளவு. உயர்ந்த துப்பாக்கி சட்டை மாதிரி. ஆளைப் பார்த்துத்தான் தோளில் வைக்கிற கட்டையை வெட்டுவார்கள். கை நீளம் வேண்டும், தோள் வேண்டும், எல்லாவற்றையும்விடக் கன்னம் வேண்டும். கன்னத்தைக் கட்டையில் வைத்த மாத்திரத்தில் கண் தானாகக் குழலுக்கு நேரே நிற்க வேண்டும். இதற்கென்றே ஒரு துரை மதராஸிலிருந்து வந்தார். அவர் பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் திருகாணி வைத்த ஒரு மாதிரித் துப்பாக்கி இருந்தது. முடுக்குவார், தளர்த்துவார், வக்கீல் கன்னத்தைத் தள்ளி நின்று பார்ப்பார், கிட்டே வந்து பார்ப்பார். "வசதியாக இருக்கிறதா?" என்று கேட்டால் வக்கீல், "ம்ம், ம்ம்" என்பார். வாய் நிறைய வெற்றிலை. அது இல்லாமல் மதுரையில் யாரும் அவரைப் பார்த்ததில்லை.

துப்பாக்கி கப்பலில் வந்தது. உசிலம்பட்டிப் பக்கம் தெரிந்தவரின் கரட்டுக் காட்டில் ஒத்திகை பார்த்தோம். நான் பானை மூடிகளை வீசினேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே ஒன்றுவிடாமல் நொறுக்கினார். உள்ளூர்க் குயவர் எங்களைக் குலதெய்வம்போல நடத்தினார்.

எல்லாம் சரி, வீட்டில்தான் சரியில்லை. வக்கீல் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா ஒரு நாள் என்னை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

"ஊரு பூராச் சிரிக்குது. அந்தக் கிளப்புல ஒங்களச் சேத்துக்கிட்டா வச்சுக்கங்க. இல்லேன்னா அன்னிக்கே கடையில திருப்பிக் குடுத்துப்புடணும். சத்தியம் பண்ணுங்க."

"சத்தியம், சத்தியம்."

எனக்குக் கடைக் கவலை. அந்த முகத்துக்கு வெட்டின கட்டையை வேறு எந்த முகத்துக்கு விற்பது?

கிளப்பில் பரீட்சை. வீசுகிற தட்டில் பாதியாவது உடைந்தால் அங்கத்தினர். இல்லாவிட்டால் மறுபடி வரவே கூடாது. வக்கீல் புது மாப்பிள்ளை மாதிரி வந்தார். துரைமார் முன்னால் மரியாதையாக இருக்க வேண்டும் என்று வாயைக் கொப்பளித்து, பல்லையெல்லாம் உப்புப் போட்டுத் தேய்த்திருந்தார். அக்காவும் ஜட்காவில் வந்து, வேலியோரம் வண்டியை நிறுத்தச் சொல்லி உட்கார்ந்திருந்தார். சத்தியம் நிறைவேறுகிறதா என்று பார்க்கத்தான்.

சுடுகிறவர் இங்கிலீஷில் "புல்", அதாவது இழு, என்று குரல் கொடுத்தால், குழிக்குள் இருக்கிற ஆள் விசையை இழுப்பார், தட்டு பறக்கும். குரலுக்கு ஒரு தட்டு.

"புல், புல்!" என்றார் வக்கீல். இரண்டு தட்டு பறந்தன. இரண்டு குழலும் வெடித்தன. இரண்டு தட்டும் பத்திரமாகப் புல்லில் போய்ப் படுத்துக்கொண்டன.

"ஒரு தடவை சொன்னால் போதும்" என்றார் செக்ரட்டரி துரை.

"சரி, சரி" என்றார் வக்கீல். "புல், புல்!"

மறுபடி இரண்டு, மறுபடி பத்திரம். குண்டெல்லாம் தட்டுக்குக் கீழேயே போயின. கிளப் வராந்தாவில் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பாதி தட்டு தீர்ந்தது. இனி ஒன்று தவறினாலும் கதை முடிந்தது. வக்கீல் தோள் துண்டால் குழலைத் துடைத்துக்கொண்டு நின்றார். கடைசித் தடவையாகத் துடைக்கிற மாதிரி இருந்தது.

ஜட்காவிலிருந்து அக்கா கூப்பிட்டார். "ஏந்தம்பி, அவுக மூஞ்சி ஏன் ஒரு பக்கம் வத்திப்போன மாதிரி இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவரே, "ஓ, வெத்தல போடல" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா! அளவெடுக்குறப்ப அந்தக் கன்னத்துல வெத்தல இருந்துச்சுக்கா! அந்த வீக்கத்துக்குச் சேத்துத்தான் கட்டையத் தாழ்த்தி வெட்டியிருக்கான். இப்ப கன்னம் எறங்கிருச்சு, கண்ணு எறங்கிருச்சு, குண்டும் எறங்குது!"

அக்கா மடியில் வெற்றிலைப் பெட்டி இருந்தது. அவர் அதைத் திறக்காமல் இருந்தால் போதும். துப்பாக்கி வீட்டை விட்டுப் போய்விடும். அவர் பெட்டியைப் பார்த்தார். தூரத்தில் துடைத்துக்கொண்டு நிற்கிற மனிதரைப் பார்த்தார். பிறகு சுண்ணாம்பைத் தடவ ஆரம்பித்துவிட்டார்.

துரைமார் அத்தனை பேரும் பார்க்க, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே மைதானத்துக்கு நடந்தார்.

"வாயத் தெறங்க."

"தொரமாரு இருக்காக, இருக்காக."

"இருக்கட்டும். தெறங்க."

வலது கன்னம் எழும்பியது. வக்கீல் கட்டையில் முகத்தை வைத்தார். "ஊல், ஊல்!" என்றார். வாய் நிறைய இருந்தால் அப்படித்தான் வரும். குழிக்காரருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு தட்டு பறந்தன. இரண்டும் ஆகாயத்திலேயே பொடியாயின. அதற்குப் பிறகு ஒரு தட்டுகூட முழுசாகத் தரைக்கு வரவில்லை. செக்ரட்டரி துரை கை குலுக்க வந்தபோது வக்கீல் வாயைத் திறக்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு தடவை.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் கிளப். கூடவே ஜட்காவில் அக்காவும் வெற்றிலைப் பெட்டியும்.

யுத்தம் முடிந்த சமயம் வக்கீல் காலமாகிவிட்டார். லைசென்ஸ் அவர் பேரில் இருந்ததால் துப்பாக்கியைக் கடையில் ஒப்படைக்க அக்கா வந்தார். சும்மா தோளில் வைத்துப் பார்த்தேன், குழலே தெரியவில்லை. அக்கா ஒரு வெற்றிலையை மடித்து நீட்டினார். வலது கன்னத்தில் அடக்கிக்கொண்டு மறுபடி வைத்தேன். கண் நேராகப் போய் நின்றது. அவர் எத்தனையோ காலம் பார்த்த இடம் அது. அந்த மனிதர்மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"சரியா இருக்கா தம்பி?" என்றார் அக்கா.

"சரியா இருக்குக்கா" என்றேன். அக்கா இன்னும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா இருக்கு" என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.