குளிர் பாயின் ஓக் மரம்

ஒரு மரத்தின் மேல் பொறாமைப்பட்ட மனிதர் இந்த உலகத்திலேயே குளிர் பாய் ஒருவர்தான். நான் நிறைய ஊர் பார்த்தவன், நம்பலாம்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் திரிந்த நான், கூத்தாநல்லூரில் அவருக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்த ஜூஸ் கடையில் கொஞ்ச காலம் தங்கினேன். பழம் பிழிந்ததற்கு இரண்டு வேளைச் சோறு. கார் ஓட்டவும் தெரியும் என்றதும் மூன்று வேளை ஆனது.

அவர் மனைவி பாயம்மா, மகளின் பிரசவத்துக்காக இங்கிலாந்து போயிருந்தார். போன காரியம் முடிந்தும் திரும்பவில்லை. ஒரு நாள் போனில் சொன்னார்:

"இங்க ஜன்னலுக்கு நேரா ஒரு ஓக் மரம் நிக்கிதுங்க. அதப் பாத்துக்கிட்டே இருந்தா ஊரு ஞாபகமே வரமாட்டேங்குது."

பாய் வெகுநேரம் மிக்ஸியையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த மரந்தானே வேணும்? இங்கயே வளத்துருவோம்."

"பாய், அது குளிர் தேசத்து மரம்."

"நம்ம கடையில இல்லாத குளிராடா?"

இங்கிலாந்திலிருந்து ஊருக்கு வந்த ஒருவர் கையில் ஒரு பை ஓக் கொட்டை வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றும் தலையில் தொப்பி வைத்த பாக்கு மாதிரி. "பாரு, நம்ம ஆளுங்கதான்" என்று பாய் பூரித்துப்போனார்.

தண்ணீரில் போட்டு, மிதந்ததைக் கழித்தோம். மூழ்கியதை ஈரத் தென்னை நார்த்தூளில் புதைத்து ஃப்ரிட்ஜில் வைத்தோம். அந்தக் குளிருக்குள் ஒரு பனிக்காலம் கழிந்தால்தான் முளைக்கும் என்று மகள் சொல்லியிருந்தாள். ஃப்ரிட்ஜில் இடம் இழந்த ரோஸ் மில்க் பாட்டில்கள் வெளியே தெருவைப் பார்த்து நின்றன.

"என்ன பாய், ரோஸ் மில்க்கைக் காய்ச்சி விக்கிறீங்களா?" என்றார் வாங்கிக் குடித்த ஒருவர்.

"உள்ள விதை தூங்குது. சும்மா சும்மா கதவத் தொறக்க முடியாது."

நாளெல்லாம் கரண்ட் போனபோது மீன்காரரிடம் ஐஸ் வாங்கி அடுக்கினார். அப்புறம் ஒரு வாரத்துக்கு எங்கள் சாத்துக்குடி ஜூஸில் மத்தி வாசம் அடித்தது.

ஒன்றே ஒன்று முளைத்தது. நாலு இலை. வீட்டின் ஒரே ஏசி அறை அதற்குப் போனது. பாய் மொட்டை மாடிக்குப் படுக்கப் போனார்.

"கெளம்பி வா, ஒன் மரம் வந்துடுச்சி" என்று போனில் அறிவித்தார். உயரத்தை மட்டும் சொல்லவில்லை.

"வர்றேன். புடிக்கலன்னா மக வீட்டுக்கே திரும்பிப் போயிருவேன், ஆமா."

சித்திரையில் திருச்சி விமான நிலையத்துக்குப் போனோம்: நான், பாய், செடித் தொட்டி. தொட்டிக்கு முன் சீட்டு, பெல்ட்டு, முழு வேகத்தில் ஏசி. பாயம்மா வந்து குனிந்து பார்த்தார்.

"இதுக்குக் கீழ நான் எப்பங்க உக்கார்றது?"

"வளரும். நீ கூட இருந்து பாத்துக்க."

பின் சீட்டில் இருவரும் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தார்கள். தஞ்சாவூர் தாண்டியதும் பாயம்மா வாயைத் திறந்தார்.

"ஏங்க, அந்த ஏசிய அமத்தச் சொல்லுங்க. அங்க குளிர்லயே வெறச்சிப் போயிட்டேன். நம்ம காத்து வரட்டும்."

நான் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பாயைப் பார்த்தேன். அந்தச் செடி ஏசியை விட்டு வெளியே வந்ததே இல்லை.

"என்னடா தம்பி பாக்குற? நாலு ஜன்னலையும் எறக்கு!"

உளுந்து பிடுங்கிய வயல்களிலிருந்து அனல் உள்ளே பாய்ந்தது. பாயம்மா கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா" என்றார்.

நீடாமங்கலம் வருவதற்குள் நாலு இலையும் தொங்கிவிட்டன. பாய் தொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. பாயம்மாவின் முக்காடு காற்றில் பறந்து பறந்து பாயின் முகத்தில் விழுந்தது. அவர் அதை ஒதுக்கிவிடவும் இல்லை.

நான் குடிக்க வைத்திருந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, அதற்கப்புறம் மெதுவாகவே ஓட்டினேன்.