முள்ளு சாப்பிடப் போன கதை

மலேசியாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் மீன் முள் தொண்டையில் சிக்கி யாரும் செத்ததில்லை. பாம்பு கடித்துச் செத்திருக்கிறார்கள், சம்சு சாராயம் குடித்துச் செத்திருக்கிறார்கள், மாமியாரோடு சண்டை போட்டு ஆற்றில் குதித்தவர்களும் உண்டு. மீன் முள் இலாகாவில் மட்டும் எமனுக்கு வேலையே இல்லை. காரணம் ஒரே ஒரு மனிதர். அடையாள அட்டையில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. கணக்கெழுதும் சின்ன கிராணியாக, சம்பளப் பட்டியலில் அவர் பெயரை மாதாமாதம் எழுதிய எனக்கே அது மறந்துவிட்டது. கோலா சிலாங்கூரிலிருந்து ஜெராம் வரைக்கும் அவர் பெயர் முள்ளு.

முள்ளு துரை பங்களாவின் சமையல்காரர். சேர்ந்த புதிதில், வெள்ளைக்காரத் துரையின் தட்டில் மயிரிழை மாதிரி ஒரு முள் கிடந்ததற்காக ஒரு வாரம் வேலையை விட்டு நிறுத்தி வைத்தார்களாம். அன்றிலிருந்து அவர் கண்ணுக்கு மீனே தெரியாது, முள்தான் தெரியும். துரை கப்பலேறிப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் வந்த நம்மூர் மேனேஜரைப் பெரிய ஐயா என்போம். துரை விட்டுப்போன எல்லாவற்றையும் மாற்றிய பெரிய ஐயா, தட்டில் முள் கிடக்கக் கூடாது என்ற சட்டத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

பங்களாவுக்குள் இருந்தால் பரவாயில்லை. வெளியிலும் அந்தக் கை சும்மா இருக்காது. ஒருமுறை ஜெராமில் ஒரு சீனர் கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். எதிரே ஒரு லோரி டிரைவர் மீனைப் பிய்த்துக்கொண்டிருந்தார். முள்ளு இரண்டு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். மூன்றாவது நிமிடம் அந்தத் தட்டு இவர் கையில்.

"யோவ், யாருயா நீ? எம்மீன குடுயா!"

"கத்தாதீங்க தம்பி. பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்கல்ல?"

டிரைவர் சட்டைக் கையை மடித்து முடிப்பதற்குள் நடுமுள் தலையோடு முழுசாக மேசைக்கு வந்துவிட்டது. அடிக்க ஓங்கியவர், கையை இறக்கிவிட்டு உட்கார்ந்து இன்னொரு தட்டுச் சோறு வாங்கிச் சாப்பிட்டார். அதன்பிறகு கடை முதலாளியான தவுக்கே முள்ளுவைச் சுவரைப் பார்த்துத்தான் உட்கார வைப்பார்.

முள்ளுவின் மனைவிக்கு வேறு குறை. "எம்புள்ள ஸ்கூல்ல மீன் படம் பாத்துட்டு பயந்து அழுதுச்சு தம்பி. மீனுக்குள்ள முள்ளு இருக்குன்னே அதுக்குத் தெரியாது" என்பார்.

ஆனால் தொழிலாளர் லயத்தில் முள்ளுவுக்கு மரியாதை வந்தது முள்ளால் அல்ல, முட்டையால். பெரிய ஐயா விருந்து வைத்தால் ஒரு குட்டி டின் வரும். உள்ளே கறுப்பாக மீன் முட்டை. கேவியர். ஐஸ் நிரப்பிய கிண்ணத்தின் நடுவில் அதை வைத்து, எலும்பால் செய்த கரண்டி போட்டு முள்ளுதான் எடுத்துப் போவார். மறுநாள் குழாயடியில் கூட்டம் கூடிவிடும்.

"அண்ணே, அது எப்படிண்ணே இருக்கும்?"

முள்ளு கண்ணை மூடிக்கொள்வார். "நாக்குல வச்சதும் பட்டாசு மாதிரி வெடிக்கும். சத்தம் மட்டும் வராது." இன்னொரு நாள், "கருவாட்ட காலேஜுக்கு அனுப்பிப் படிக்க வச்சா எப்படி இருக்கும்? அப்படி." கேட்டவர்கள் எச்சிலை விழுங்கிக்கொண்டே தண்ணீர்க் குடத்தைத் தூக்குவார்கள்.

எண்பதுகளின் நடுவில் பெரிய ஐயா பதவி உயர்ந்து கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்குப் போனார். பங்களாவைப் பூட்டினார்கள். முள்ளுவுக்கும் ஐம்பத்தைந்து ஆகியிருந்தது. ரவாங்கில் மகள் வீட்டோடு போய்விடுவதாக முடிவு. கையெழுத்துப் போட ஆபீசுக்கு வந்தவர், கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் நின்றார்.

"தம்பி, ஒரு உண்மைய சொல்லணும். அந்த முட்டைய நான் தின்னதே இல்ல."

நான் பதிவேட்டை மூடி வைத்தேன்.

"ஐயா வீட்டம்மா டின்ன சுரண்டி எடுத்துட்டு அவங்க கையாலயே கழுவி வச்சிருவாங்க."

"இத்தனை வருஷத்துல ஒரு பருக்கைகூடவா கீழ விழல?"

"விழுந்துச்சு. பங்களா நாய் நக்கிருச்சு. நாய்க்குத் தெரிஞ்ச ருசி எனக்குத் தெரியாது தம்பி." மேசையிலிருந்த பேனாவை உருட்டினார். "ரவாங்குக்குப் போறதுக்குள்ள ஒரு தடவ தின்னணும். நின்னுக்கிட்டு இல்ல. மேசையில, உக்காந்து. நீங்க கூட வாங்க. இங்கிலீஸ் படிக்க ஆள் வேணும். செலவு என்னோடது."

கோலாலம்பூரில் ஒரு பெரிய ஹோட்டல். அதன் மாடியில் கேவியரும் கடல் உணவும் பரிமாறும் உணவகம். ஆபீஸ் டெலிபோனிலேயே ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேசை சொல்லி வைத்தேன். அன்று காலை பஸ் நிற்கும் இடத்துக்கு வந்த முள்ளுவைப் பார்த்துத் திகைத்துப்போனேன். பங்களாவில் பரிமாறும்போது போடும் வெள்ளைக் கோட்டு. கஞ்சி போட்டுத் தேய்த்து, பித்தளைப் பொத்தான்களைப் பளபளக்கத் துடைத்திருந்தார்.

"என்ன அண்ணே இது?"

"பெரிய எடத்துக்குப் போறோம்லா. இதவிட நல்ல உடுப்பு லயத்துல யார்கிட்ட இருக்கு?"

யாரிடமும் இல்லைதான். அப்படிப்பட்ட இடத்தை நானும் பார்த்ததில்லை. அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான், பரிமாறுகிற எல்லோருமே வெள்ளைக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாக நடமாடுவது தெரிந்தது. வாசலில் நின்றவன் முள்ளுவைப் பார்த்து, வேலையாட்கள் பின்வழியாக வர வேண்டும் என்று மலாயில் அதட்டினான். "விருந்தாளி, விருந்தாளி" என்று கத்தி உள்ளே அழைத்துப் போனேன்.

உள்ளே இன்னொரு கூத்து. பரிமாறுகிறவர் பக்கத்தில் வந்தாலே முள்ளு எழுந்து நின்றுவிடுவார். ரொட்டி வந்தது, எழுந்தார். தண்ணீர் வந்தது, எழுந்தார். "அங்கிள், உட்காருங்க" என்று கெஞ்சிய பரிமாறுபவரிடம், "நீங்க போங்க தம்பி, நான் உக்காந்துக்கிறேன்" என்றார். இடையில் எங்கள் மேசைத் துணியின் மடிப்பு சரியில்லை என்று திருத்தியும் வைத்தார்.

கேவியர் வந்தது. அதே ஐஸ், அதே எலும்புக் கரண்டி. முள்ளு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கரண்டியில் அள்ளி உதட்டருகே கொண்டுபோனவர், அப்படியே நிறுத்திவிட்டார். பக்கத்து மேசையில் நாலு பேருக்கு நடுவே ஒரு முழு சியாக்காப் மீன். ஒருவர் அதை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்தாளு வயித்துப் பக்கமா குத்துறாரு."

"அண்ணே, நீங்க சாப்பிடுங்க."

"முள்ளெல்லாம் ஒடஞ்சு கறியோட கலந்துரும்லா."

"கலக்கட்டும்ணே! சாப்பிடுங்க!"

கரண்டியைக் கீழே வைத்தார். அந்த மேசைக்குப் போய்விட்டார். இரண்டு நிமிடத்தில் நடுமுள்ளை முழுசாகத் தூக்கிக் காட்டினார். நாலு பேரும் கை தட்டினார்கள். அவர்களில், எங்கள் மேசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவர் திரும்பினார். பெரிய ஐயா.

"அட, முள்ளு! இங்க வேலைக்கு சேந்துட்டியா? நல்லதாப் போச்சு."

இல்லீங்க ஐயா, சாப்பிட வந்தேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. முள்ளு என்னைப் பார்த்தார். தன் கோட்டைப் பார்த்தார்.

"ஆமாங்க ஐயா" என்றார்.

"சரி, தண்ணி ஊத்து."

ஊற்றினார். அடுத்து வந்த நண்டுத் தட்டை, விழித்து நின்ற பரிமாறுபவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். ஓட்டை உடைத்து, சதையை எடுத்து, ஒவ்வொரு தட்டாக வைத்தார். நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பெரிய ஐயா என்னைக் கண்டுகொண்டதும் எழுந்து நின்றேன்.

"என்னா கிராணி, சாப்பிட வந்தியா? தனியாவா?"

"ஆமாங்க ஐயா."

என் பதவி உயர்வுத் தாள் தலைமை அலுவலகத்தில் அவர் மேசையில் கிடந்தது. அதற்காக முள்ளுவை ஒரு வார்த்தையில் விற்றேன். பெரிய ஐயா மேல் கோபம், அந்தக் கோட்டு மேல் கோபம், எல்லாவற்றையும்விட என் மேல் எனக்கு அருவருப்பு. அது இன்னும் ஆறவில்லை.

"சாப்பிடு, சாப்பிடு. ஏன் பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றார் பெரிய ஐயா.

ஐயா சாப்பிடு என்றால் சாப்பிட வேண்டியதுதானே? முள்ளு உட்கார்ந்து சாப்பிட ஆசைப்பட்ட முட்டை முழுவதையும் நான் நின்றுகொண்டே தின்று முடித்தேன். நண்டு உடைத்துக்கொண்டே முள்ளு அதைப் பார்த்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் முள்ளு ஜன்னலோரம் உட்கார்ந்தார். வெளியே பார்த்தபடியே கேட்டார்.

"எப்படி தம்பி இருந்துச்சு?"

வெறும் உப்பு. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"நீங்க சொன்ன மாதிரியேதாண்ணே. கருவாட்ட காலேஜுக்கு அனுப்பிப் படிக்க வச்ச மாதிரி."

"வெடிச்சுச்சா?"

"வெடிச்சுச்சுண்ணே. சத்தம் மட்டும் வரல."

முள்ளு மெல்லச் சிரித்தார். "அப்ப இத்தன வருசம் நான் பொய் சொல்லல."

சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். கோட்டின் பித்தளைப் பொத்தான் கோலா சிலாங்கூர் வரும் வரைக்கும் என் கையில் குத்திக்கொண்டே வந்தது. கையை நான் அசைக்கவில்லை.