கசியாத கரை

எந்த வரைபடத்திலும் இடம் கேட்காத மேட்டுநாட்டில், மன்னரைக் குடிகளே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே குடும்பத்தில் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று அந்நாட்டுப் பாடநூல் சொல்லும். குன்றின் உச்சியில் அரண்மனையும் அதிகாரிகளின் வீடுகளும் இருந்தன. சற்றுக் கீழே பெரிய ஏரி. ஏரிக்கரைக்கும் கீழே பள்ளத்தூர்.

பள்ளத்தூர் அரியநாச்சிதான் கரைக்காவல். ஐம்பது வயது. மதகைத் திறந்து மூடுவதும், கரையில் நண்டும் எலியும் போட்ட வளைகளை அடைப்பதும் அவள் வேலை. ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில், கரையின் வெளிப்புற அடிவாரத்தில் விரல் தடிமனுக்கு நீர் வருவதைக் கண்டாள். உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். தெளிந்த நீராக இருந்திருந்தால் வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்திருப்பாள். நீர் செம்மண் கலங்கலாக இருந்தது. கரை உள்ளுக்குள்ளே கரைந்துகொண்டிருந்தது.

மூச்சிரைக்க மேடேறி, நீர்த்துறை அமைச்சர் பரமகுணாளர் முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, கரை கசியுது. தண்ணி கலங்கலா வருது. ஏரிய பாதி வடிச்சு, அந்த எடத்த வெட்டி, களிமண்ணு போட்டு இறுக்கிரணும். இப்பவே செஞ்சாத்தான் உண்டு.”

அமைச்சர் கண்களை மூடித் திறந்தார். “அம்மையே, இக்கரையைக் கட்டியவர் யார்?”

“மன்னரோட தாத்தாங்க.”

“அப்படியானால் கசிவது கரையா, மன்னர் குலத்தின்மீது உனக்குள்ள விசுவாசமா?”

அரியநாச்சி யோசித்துப் பார்த்தாள். “தண்ணிதாங்க கசியுது” என்றாள்.

ஏழு பேர் கொண்ட குழு வந்தது. அடிவாரம் சேறாக இருந்ததால் கரையின்மேல் நின்றே ஆராய்ந்தது. வெளிவருவது கசிவு அன்று, மன்னரின் நல்லாட்சியில் மகிழ்ந்து நிலமகள் சுரந்த ஊற்று என்று அறிக்கை அளித்தது. மறுநாள் ‘கசிவு’ என்ற சொல் நாட்டில் தடைசெய்யப்பட்டது. பள்ளத்தூரில் கூரை ஒழுகிய வீடுகளில்கூட, காவலர் நடமாடும் நேரத்தில், “எங்க வீட்டுல நாலு எடத்துல ஊத்து” என்றே சொல்லிக்கொண்டார்கள்.

அரியநாச்சியின் கணவர் தவசி பேச்சில் நம்பிக்கை இல்லாதவர். இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, வைக்கோலும் களிமண்ணும் பிசைந்து ஓட்டையை அடைத்தார். அரச ஊற்றைத் தூர்த்த குற்றத்துக்காக அன்று மாலையே மூவரும் சிறைக்குப் போனார்கள். சிறை பள்ளத்தூரின் கடைசியில், எல்லா வீடுகளுக்கும் தாழ்வான இடத்தில் இருந்தது. அடைத்த மண்ணைக் காவலர்கள் கடப்பாரையால் குத்தி எடுத்தார்கள். விரல் தடிமன், தொடை தடிமன் ஆயிற்று.

பள்ளத்தூரார் அரண்மனை வாசலில் கூடிக் கூச்சலிட்டதும், மன்னர் பெருந்தன்மையோடு வாக்கெடுப்பு அறிவித்தார்: ஏரிக்கரையைச் சீரமைக்க வேண்டுமா, வேண்டாமா? வாக்களிப்போர் நடுநிலையாளராக இருக்க வேண்டும் என்பது மட்டும் விதி. கரைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்குக் கரை உடையக் கூடாது என்ற சுயநலம் இருப்பதால், மன்னர் தேர்தலைப் போலவே இதிலும் அவர்களுக்கு வாக்கு இல்லை.

மேட்டுத்தெருக்காரர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் அடுத்த வாரம் தெப்பத்திருவிழா. சீரமைக்க ஏரியை வடித்தால் தெப்பம் தரைதட்டும். சீரமைப்பு வேண்டாம் என்ற ஓலைகளே குடத்தில் நிரம்பின.

அரியநாச்சி சிறைக்குப் போனாள். தவசி கம்பிக்கு உள்ளே நின்றார்.

“இப்ப எம்புட்டு வருது?”

“சத்தம் கேக்குதுங்க. கரைக்குள்ள பொதபொதன்னு விழுற சத்தம்.”

“நீ மேட்டுக்குப் போயிரு, நாச்சி.”

“ஒங்கள இங்க விட்டுட்டா?”

“பூட்டு என் கையிலயா இருக்கு? ஏரியக் கொஞ்சமாச்சும் வடிச்சு விட முடியுமான்னு பாரு. போ.”

அவள் நேரே மதகுக்குப் போனாள். ஊரே பார்த்திருக்கும் பட்டப்பகலில் பலகையைத் தூக்கினாள். வழியில் கண்டவர்களிடமெல்லாம், “புள்ளகுட்டியத் தூக்கிக்கிட்டுப் பாறைக்கு ஏறுங்க, சட்டி பானைய அப்பறம் பாத்துக்கலாம்” என்று கத்திவிட்டு வந்திருந்தாள். பாதிப்பேர் ஊரோரத்து உயர்ந்த பாறையில் ஏறினார்கள். வதந்தியை நம்பி ஊரைவிட்டுப் போவது குற்றம் என்று தண்டோரா போட்டதும் மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். ஏரி ஒரு முழம் இறங்கியபோது காவலர்கள் அவளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

“மூடிராதீங்கய்யா! இன்னும் ரெண்டு முழம் எறங்கட்டும்! எறங்குனா உயிர் தப்பும்!”

“தெப்பம் ஆடுவதற்கு உரிய நீர்மட்டத்தைக் குறைப்பது தெய்வநிந்தனை” என்றார் பரமகுணாளர். மதகு மூடப்பட்டது. மறுபடி மழை பிடித்து, இறங்கிய முழமும் மூன்றே நாளில் ஏறியது.

தெப்பத்தன்று நண்பகல் அரியநாச்சி அரண்மனைக் கொட்டடியில் இருந்தாள். ஏரிப்பக்கம் கேட்டுக்கொண்டிருந்த மேளம் சட்டென்று நின்றது. பிறகு, மலை நகர்வதுபோல் ஒரு சத்தம். சன்னல் கம்பியைப் பிடித்து எம்பிப் பார்த்தாள். பள்ளத்தூர் இருந்த இடத்தில் செந்நிறமாக நீர் ஓடியது. சில பனைமரங்களின் தலைகள் தெரிந்தன. சிறையின் கூரையைத் தேடினாள். கண் வலிக்கத் தேடினாள்.

கரை உடைந்த நான்காம் நாள் அவளை விடுதலை செய்தார்கள். ஏரி இல்லாத நாட்டில் மதகைத் திறந்த குற்றத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லை என்று பரமகுணாளர் விளக்கினார். அவள் பாறையில் தப்பியிருந்தவர்களோடு போய்ச் சேர்ந்தாள். சேற்றைக் கிளறிச் சிறைச்சாலையைத் தேடி, பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்த மூவரையும் தன் கையால் வெளியே எடுத்தாள்.

தை மாதம் மன்னரின் ஐந்தாண்டு முடிந்தது. இம்முறை தேர்தலில் பெயர்கள் இல்லை. ஒரே ஒரு கேள்விதான். அதற்குக் குடிகள் சொல்லும் பதிலே மன்னரின் ஆட்சிக்கு அளவுகோல் என்று அறிவித்தார்கள். இன்னொரு சலுகையும் உண்டு. கரைக்குக் கீழே இப்போது யாரும் குடியிருக்கவில்லை என்பதால், பள்ளத்தூரில் மிஞ்சியவர்கள் அனைவரும் நடுநிலையாளர் ஆனார்கள். வாழ்வில் முதல்முறையாக அவர்களுக்கு வாக்கு கிடைத்தது. பொய் ஓலை போடுவோருக்குச் சிறை.

அரியநாச்சி வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும், தடைசெய்த சொல்லை அன்று மட்டும் சொல்ல அனுமதி பெற்ற அலுவலர் உரக்கப் படித்தார்: “இன்றைய தேதியில், மேட்டுநாட்டு ஏரிக்கரையில் எங்கேனும் கசிவு உண்டா?”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். திரும்பி, நீரில்லாத ஏரிப் பள்ளத்தைப் பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

“இல்லீங்க” என்றாள்.

அலுவலர் ஓலையில் எழுதிக்கொண்டார். ஒரு வாக்குகூட எதிராக விழவில்லை.